ஹவாயின் பாஊ சவாரிப் பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஊ சவாரி என்றால் என்ன?

ஹவாய்ப் பெண்கள் இடுப்பிலிருந்து பாதத்தையும் தாண்டித் தொங்கும் நீளமான துணியைப் பாவாடையாகச் சுற்றிக்கொண்டு, தலையிலும் கழுத்திலும் மலர்மாலை அணிந்து, குதிரையின் இருபுறமும் கால் போட்டு அமர்ந்து வரும் மரபு இது. அந்தப் பாவாடைதான் பாஊ. 'பா' என்று சொல்லி, தொண்டையில் சற்றே நிறுத்தி, 'ஊ' என்று முடிக்க வேண்டும். இன்று இதைத் திருவிழா ஊர்வலங்களில் மட்டுமே பார்க்க முடியும். 19-ஆம் நூற்றாண்டிலோ ஊருக்கு ஊர் போகிற, விருந்துக்குப் போகிற பெண்களின் சாதாரணப் பயண உடை அது.

அப்படியானால் இது ஆதிகால மரபு இல்லையா?

இல்லை. இணையத்தில் பலர் இதை ஆயிரம் ஆண்டுச் சடங்கு போல எழுதுகிறார்கள். ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஹவாயில் குதிரையே கிடையாது.

முதல் குதிரைகள் 1803-ல் வந்தன. ரிச்சர்ட் கிளீவ்லேண்ட் என்ற அமெரிக்க வணிகர் கலிபோர்னியாக் கரையிலிருந்து கப்பலில் ஏற்றிவந்து, முதலாம் கமேஹமேஹா மன்னருக்குப் பரிசாகக் கொடுத்தார். மாடுகள் அதற்குப் பத்தாண்டுகள் முன்பே வந்துவிட்டன. 1793-ல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஜார்ஜ் வான்கூவர் கொண்டுவந்தவை அவை. அவற்றை யாரும் கொல்லக் கூடாது என்று மன்னர் தடை போட்டார். தடை நன்றாகவே வேலை செய்தது. கொஞ்ச காலத்தில் மலைச்சரிவெங்கும் காட்டு மாடுகள் பெருகி, தோட்டங்களை அழித்து, ஆட்களை முட்டத் தொடங்கின.

அவற்றைப் பிடித்து அடக்க, 1830-களில் மூன்றாம் கமேஹமேஹா மெக்சிகோ மாட்டுக்காரர்களை வரவழைத்தார். கலிபோர்னியா அப்போது மெக்சிகோவின் கையில் இருந்தது. கயிற்றைச் சுழற்றி மாட்டின் கொம்பில் வீசுவதையும், குதிரையைப் பழக்குவதையும், சேணம் செய்வதையும் ஹவாய்க்காரர்கள் அவர்களிடம் கற்றார்கள். ஹவாய் மாட்டுக்காரர்களுக்குப் 'பனியோலோ' என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. ஆண்கள் மாட்டின் பின்னால் ஓடினார்கள் என்றால், பெண்களுக்குக் குதிரை வேறு ஒன்றைக் கொடுத்தது: யாரையும் எதிர்பார்க்காமல் தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்வரும் வசதி.

ஐரோப்பியப் பெண்களைப் போல ஏன் ஒருபக்கமாக உட்காரவில்லை?

அப்படி உட்கார வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை, அவ்வளவுதான். அவர்களுக்குக் கிடைத்தது மெக்சிகோ சேணம். முன்னால் கொம்பு போல ஒரு பிடியும், கால் வைக்க அகலமான வளையமும் உள்ள வேலைச் சேணம் அது. ஆண்கள் அதில் எப்படி உட்கார்ந்தார்களோ அப்படியே பெண்களும் உட்கார்ந்தார்கள். தீவுக்கூட்டத்தின் பெயரையே தாங்கிய பெரிய தீவான ஹவாய்த் தீவின் ஹமாகுவா கரையில் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செங்குத்தாக இறங்கி ஏறும். அந்தப் பாதையில் ஒருபக்கமாக உட்கார்ந்து போவது உயிருக்கு உலை வைக்கிற காரியம்.

1820 முதல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிக் குடும்பங்களுக்கு இது அநாகரிகமாகத் தெரிந்தது. ஆனால் ஹவாய்ப் பெண்கள் மாற்றிக்கொள்ளவில்லை. சில இடங்களில் மாறியது வெளியாரின் பழக்கம்தான். இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலேயப் பயணி 1873-ல் ஹவாய்க்கு வந்தார். முதுகுத்தண்டு நோயால் அவதிப்பட்டவர். ஒருபக்கச் சேணத்தில் அவரால் சிறிது தூரம்கூட வலியில்லாமல் போக முடியவில்லை. ஹிலோ பக்கத்தில் உள்ளூர்ப் பெண்களைப் பார்த்து அவரும் இருபுறமும் கால் போட்டு உட்காரக் கற்றுக்கொண்டார். அதே பயணத்தில் மவுனா லோவா எரிமலையின் உச்சிவரை ஏறிவிட்டு வந்தார். அவர் பிறந்த இங்கிலாந்தில் அப்போது ஒரு சீமாட்டி அப்படி உட்கார்ந்திருந்தால் ஊரே பேசியிருக்கும்.

பாவாடை எதற்காக வந்தது?

புழுதிக்காக. சேற்றுக்காக. ஹவாயின் செம்மண் துணியில் பட்டால் லேசில் போகாது. விருந்துக்கோ தேவாலயத்துக்கோ நல்ல உடையில் போகிறவர், அதை மறைக்க மேலே ஒரு துணியைச் சுற்றிக்கொண்டார். போய்ச் சேர்ந்ததும் அவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போகலாம்.

மார்க் ட்வைன் 1866-ல் ஹொனலுலுவில் இருந்தபோது, சனிக்கிழமை மதியங்களில் ஹவாய் இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாகக் குதிரையில் பறப்பதைப் பார்த்து எழுதினார். அவர் கண்ட பாஊ இன்றையதைப் போல மடிப்பு மடிப்பாக இறங்கவில்லை. பளிச்சென்ற நிறத்தில் ஒரு நீளத் துணி, கால்களைச் சுற்றி வந்து, இரண்டு முனையும் குதிரை வாலுக்கு அப்பால் கொடி போலப் பறந்துகொண்டிருந்தது. ஆக, பாஊவின் வடிவமும் காலத்துக்குக் காலம் மாறியே வந்திருக்கிறது.

ஆனால் பாஊ என்ற உடை குதிரையைவிடப் பழையது. மரப்பட்டையை ஊறவைத்துத் தட்டிச் செய்யும் 'கபா' துணியைப் பெண்கள் இடுப்பில் பல சுற்றாகக் கட்டிக்கொண்ட காலத்திலேயே அதற்குப் பெயர் பாஊதான். ஆன்மிகம் பற்றிய கேள்விக்கு வரும்போது இது முக்கியமாகிறது.

தையலும் ஊசியும் இல்லாமல் எப்படி நிற்கிறது?

சேலை கட்டத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. துணி சுமார் 12 கஜம், அதாவது 11 மீட்டர். நம் சேலையைப் போல இரண்டு பங்கு. இன்று பெரும்பாலும் சாட்டின் போன்ற வழுவழுப்பான துணியைப் பயன்படுத்துகிறார்கள்.

சவாரி செய்பவர் காலை அகட்டி நிற்கிறார். கட்டிவிடுபவர் துணியின் நடுப்பகுதியை அவர் இடுப்பில் வைத்து, இருபுறமும் மடித்து இழுத்து, ஒவ்வொரு காலும் தனித்தனியாக மூடப்படும்படி சுற்றுகிறார். பிடிமானத்துக்குத்தான் குக்குயி கொட்டை. எண்ணெய் நிறைந்த, உருண்டையான, கல் போலக் கெட்டியான கொட்டை அது. இடுப்புப் பட்டையில் துணிக்கு அடியில் கொட்டையை வைத்து, துணியோடு சேர்த்து முறுக்கி உள்ளே செருகிவிடுவார்கள். சில கொட்டைகள் போதும், முழுப் பாவாடையும் பல மணி நேரம் அசையாமல் நிற்கும். ஏறி உட்கார்ந்தபின் மடிப்புகளைச் சரிசெய்து, பாதமும் வளையமும் மறையும்படி இறக்கிவிடுவார்கள்.

ஒரு தடவை கட்டினால் ஊர்வலம் முடியும்வரை அவிழ்க்க முடியாது. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் கட்டுவதற்கு முன்பே போய்விட வேண்டும். புதிதாகச் சேரும் பெண்களுக்கு மூத்தவர்கள் சொல்லும் முதல் அறிவுரைகளில் இதுவும் ஒன்று.

நன்றாகக் கட்டத் தெரிந்தவர்களுக்குச் சமூகத்தில் தனி மரியாதை உண்டு. பெரும்பாலும் தாயிடமிருந்தோ அத்தை, பாட்டியிடமிருந்தோ கற்றுக்கொண்ட கைப்பழக்கம் அது.

அரச குடும்பத்துப் பெண்களும் சவாரி செய்தார்களா?

செய்தார்கள். அதில் எம்மா ராணியின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

எம்மா, நான்காம் கமேஹமேஹாவின் மனைவி. 1862-ல் நான்கு வயது மகனை இழந்தார். அடுத்த ஆண்டே கணவரும் இறந்தார். 1871 ஜனவரியில், கவாய் தீவின் உச்சியில் இருக்கும் அலக்காயி சதுப்பைக் கடந்து, மறுபக்கம் தெரியும் ஹனலேய் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பினார். உடன் ஏறக்குறைய நூறு பேர். பாடகர்களும் ஹுலா என்ற ஹவாய் நடனம் ஆடுபவர்களும் அதில் இருந்தார்கள். ஓயாத மழையும் பனிமூட்டமும் காலை உள்ளிழுக்கும் சேறுமாக இருக்கும் இடம் அது. இருட்டிவிட்டதால் ஓர் இரவு சதுப்பிலேயே தங்க நேர்ந்தது. ராணி வழிநெடுகப் பாட்டும் ஆட்டமுமாகக் கூட்டத்தை உற்சாகப்படுத்திக்கொண்டே போனார் என்று அந்தப் பயணத்தைப் பற்றிய பாடல்கள் சொல்கின்றன. கவாய் தீவின் கோக்கே மலைப்பகுதியில் ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் விழாவில், எம்மாவாக வேடமிட்ட ஒரு பெண் இன்றும் குதிரையில் வந்து இறங்குகிறார். அவர் முன்னால் ஹுலா குழுக்கள் ஆடுகின்றன.

பத்தாண்டு கழித்து, 1880-களின் தொடக்கத்தில், அவர் மவுனா கேயா மலைமீது ஏறினார். உச்சிக்கு அருகே வையாவு என்ற சிறு ஏரி இருக்கிறது. ஹவாய்க்காரர்கள் சிலர் குழந்தையின் தொப்புள்கொடியைக் கொண்டுபோய் வைக்கும் புனித நீர் அது. அந்தக் குளிர்ந்த ஏரியில் எம்மா இறங்கி நீந்தினார். 1874-ல் நடந்த அரசுரிமைத் தேர்தலில் கலாகாவாவிடம் தோற்றிருந்தவர் அவர். அரியணை கைக்கு எட்டாத நிலையில் மண்ணோடும் முன்னோரோடும் தனக்குள்ள உறவை நிலைநாட்டிக்கொள்ளவே இந்தப் பயணம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அது சரியாகவே படுகிறது. அந்தப் பயணத்தைப் பற்றியும் பாடல்கள் கட்டப்பட்டன, அவையும் பிழைத்திருக்கின்றன.

சரி, இதில் ஆன்மிகம் எங்கே இருக்கிறது? குதிரைத் தெய்வம் ஏதும் உண்டா?

குதிரைத் தெய்வம் கிடையாது. குதிரை விருந்தாளியாக வந்த விலங்கு. ஹவாயின் பழைய தெய்வக் கதைகளில் பன்றி வரும், சுறா வரும், ஆந்தை வரும், பல்லி உருவில் நீரில் வாழும் 'மோஓ' வரும். குதிரை வராது.

என் பார்வையில், பாஊ சவாரியின் புனிதம் குதிரையோடு வந்ததல்ல. பெண்ணின் உடலில் இருக்கும் மற்ற எல்லாவற்றிலும் அது ஏற்கெனவே இருந்தது. பாவாடையில், மாலையில், அந்த மாலைக்கான இலையைப் பறித்த காட்டில், அவர் எந்தத் தீவுக்காக வருகிறாரோ அந்தத் தீவில். குதிரை இவற்றையெல்லாம் ஊர் பார்க்கும் உயரத்துக்குத் தூக்கியது.

பாவாடையையே எடுத்துக்கொள்வோம். எரிமலைத் தெய்வம் பெலேயின் செல்லத் தங்கை ஹியியாக்கா. குழந்தையாக இருந்தபோது அவளைக் கடற்கரையில் விட்டுவிட்டுப் பெலே போய்விட்டாள். திரும்பி வந்தபோது வெயில் படாமல் குழந்தைமேல் ஒரு கொடி படர்ந்திருந்தது. அந்தக் கடற்கரைக் கொடிக்கு 'ஹியியாக்காவின் பாஊ' என்றே இன்றும் பெயர். வளர்ந்தபின், அக்காவின் காதலனை அழைத்துவர ஹியியாக்கா தீவுதீவாகப் பயணம் போகிறாள். பெலே கொடுத்தனுப்பிய மின்னல் பாவாடைதான் அவளுடைய ஆயுதம். வழிமறிக்கும் மோஓக்களை அதை வீசியே அடித்து விரட்டுகிறாள். ஒரு பெண், தொலைதூரப் பயணம், இடுப்பில் வலிமை வாய்ந்த பாவாடை: இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பாஊ கட்டிக்கொண்டு மலைப்பாதையில் வரும் பெண்ணைப் பார்க்கும்போது வெறும் புழுதித்துணி மட்டுமா தெரிந்திருக்கும்?

அப்புறம் அரச மரபு. மூன்றாம் கமேஹமேஹாவின் தங்கை நாஹியேனாயேனாவுக்காக 1820-களில் மஞ்சள் இறகுகளால் ஒரு பாஊ செய்தார்கள். அது பின்னாளில் மன்னர்களின் சவப்பெட்டிமேல் போர்த்தும் துணியாகப் பயன்பட்டது. இன்று ஹொனலுலுவில் பிஷப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அணிந்தவரின் 'மானா' அவர் உடையிலும் தங்கும் என்பது பழைய நம்பிக்கை. மானா என்பது பரம்பரையிலும் செயலிலும் சேரும் ஆற்றல்.

மாலைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

லெய் என்ற ஹவாய் மாலை, விமான நிலையத்தில் சுற்றுலாப் பயணிக்குப் போடும் பொருளாகத்தான் நம்மில் பலருக்குத் தெரியும். பாஊ சவாரியில் அதன் முழு உருவைப் பார்க்கலாம். பெண்ணின் தலைக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, குதிரையின் கழுத்துக்கு மிகப் பெரியதாக ஒன்று. குதிரையின் மாலைக்கே கூடைகூடையாகப் பூவும் பெரணி இலையும் தேவைப்படும். ஊர்வலத்துக்கு முந்தைய நாட்களில் குடும்பமும் நண்பர்களும் கூடி உட்கார்ந்து கட்டுவார்கள், பெரும்பாலும் விடியவிடிய.

காட்டுக்குள் நுழையும்போது அனுமதி கேட்டு ஒரு மந்திரப் பாட்டுப் பாடுவது பழைய முறை. தேவைக்கு மேல் பறிக்கக் கூடாது. ஒரே செடியை மொட்டையடிக்கக் கூடாது. ஏனென்றால் மைலே கொடியும் பாலாபாலாயி பெரணியும் லெஹுவா பூவும் தெய்வங்களின் உடல்வடிவங்கள். ஹுலாவின் தெய்வமான லாக்கா காட்டுச் செடிகளாகவே இருக்கிறாள். கட்டும்போது மனத்தில் கோபமோ சண்டையோ இருந்தால் அது மாலையில் ஏறி, அணிபவரைச் சேரும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். விழா முடிந்தபின் மாலையைக் குப்பையில் எறியக் கூடாது, மண்ணுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் எல்லோரும் கடைப்பிடிக்கிறார்களா? இல்லை. கடையில் வாங்கிய ஆர்க்கிட் பூவிலும் தோட்டத்துக் காகிதப்பூவிலும் கட்டுகிறவர்கள் நிறைய. ஆனால் ஊர்வலம் கிளம்புமுன் எல்லோரும் வட்டமாக நின்று 'பூலே' என்னும் பிரார்த்தனை சொல்வதை மட்டும் அநேகமாக யாரும் விடுவதில்லை.

பிரார்த்தனை யாரிடம்? பெலேயிடமா, ஏசுவிடமா?

பல இடங்களில் ஹவாய் மொழியில் கிறிஸ்தவப் பிரார்த்தனைதான். 1819-ல் பழைய சமயத்தின் தடைச் சட்டங்களை அரச குடும்பமே ஒழித்தது. ஆண்களோடு பெண்கள் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, வாழைப்பழமும் பன்றிக்கறியும் தொடக் கூடாது என்பன போன்ற தடைகள் அவை. காஹுமானு, கேயோபுவோலானி என்ற இரு அரசிகள் அதில் முன்னின்றார்கள். மறு ஆண்டு மிஷனரிகள் வந்தார்கள். இரண்டு தலைமுறைக்குள் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். ஆனால் முன்னோரையும் நிலத்தையும் பற்றிய நம்பிக்கை அப்படியே தங்கிவிட்டது. ஏசுவின் பெயரால் ஆமென் சொல்லிவிட்டு, பெலேயின் லெஹுவா பூவைத் தலையில் சூடிக்கொண்டு குதிரை ஏறுவதில் அவர்களுக்கு முரண்பாடு ஏதும் தெரிவதில்லை. வெளியிலிருந்து வந்து 'எது உண்மையான ஹவாய் ஆன்மிகம்' என்று பிரித்துக் காட்ட முயல்கிறவர்கள்தான் குழம்பிப்போகிறார்கள்.

ஊர்வலத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரே நிறத்தில் வருகிறதே, ஏன்?

எட்டு முக்கியத் தீவுகளுக்கும் தனித்தனி நிறமும் மாலையும் உண்டு. தீவு மலர்களை 1923-ல் ஹவாய்ச் சட்டமன்றம் முறைப்படி ஏற்றது. ஊர்வலத்தில் முதலில் பாஊ ராணி வருவார். அடுத்து ஒவ்வொரு தீவுக்கும் ஓர் இளவரசி, அவருடைய தோழியர், துணைக்கு வரும் ஆண் குதிரைவீரர்கள்.

ஹவாய்த் தீவுக்குச் சிவப்பு, ஓஹியா லெஹுவா பூ. எரிமலைக் குழம்பு ஆறிய பாறையில் முதலில் முளைக்கும் மரங்களில் ஒன்று ஓஹியா. அதனால் அது பெலேயோடு சேர்ந்தது. மவுயிக்கு இளஞ்சிவப்பு, லோக்கலானி ரோஜா. இது வெளியிலிருந்து வந்த செடி, ஆனாலும் யாரும் குறை சொல்வதில்லை. ஒவாஹுவுக்கு மஞ்சள், இலிமா. காகிதம் போல மெல்லிய இதழ் என்பதால் ஒரு மாலைக்கே நூற்றுக்கணக்கான பூ வேண்டும். மொலோக்காயிக்குப் பச்சை, குக்குயி. லானாயிக்கு ஆரஞ்சு, கவுனாஓவா என்ற இலையில்லாத ஒட்டுண்ணிக் கொடி. கவாய்க்கு ஊதா, ஆனால் அதன் மோக்கிஹானா பூவல்ல, சோம்பு மணக்கும் பச்சைநிறக் காய். நீஹாவுவுக்கு வெள்ளை. வறண்ட தீவு என்பதால் அங்கே பூவுக்குப் பதில் கடற்கரையில் பொறுக்கிய சிறு சிப்பிகளைக் கோத்த மாலை. அந்தச் சிப்பி மாலைகளின் விலையைக் கேட்டால் தங்க நகைக்காரர்களே அசந்துபோவார்கள்.

எட்டாவது கஹோலாவே. அதற்குச் சாம்பல் நிறம்.

கஹோலாவேயில் மக்களே இல்லையாமே, அதற்கும் இளவரசியா?

ஆமாம். என்னைக் கேட்டால் ஊர்வலத்தில் நின்று பார்க்க வேண்டிய குழு அதுதான்.

கஹோலாவே, கடல் தெய்வம் கனலோவாவின் தீவு. பழைய பெயர்களில் ஒன்றே கனலோவா. 1941-ல் அமெரிக்க ராணுவம் அதைக் குண்டுவீசிப் பழகும் இடமாக எடுத்துக்கொண்டது. 1976-ல் ஹவாய் இளைஞர்கள் சிலர் தடையை மீறிப் படகில் போய் இறங்கினார்கள். வழக்கு, கைது, மீண்டும் மீண்டும் ஆக்கிரமிப்பு என்று போராட்டம் நீண்டது. 1990-ல் குண்டுவீச்சு நின்றது. 1994-ல் தீவு ஹவாய் மாநிலத்திடம் திரும்பியது. வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணில் கிடக்கின்றன, அதனால் அனுமதியில்லாமல் யாரும் போக முடியாது.

அந்தத் தீவுக்காக ஒரு பெண் ஹினாஹினா என்ற சாம்பல்பச்சைச் செடியின் மாலையோடு மற்ற இளவரசிகளுக்குச் சமமாக வருகிறார். தீவு என்பது அங்கே குடியிருக்கும் மக்கள்தொகையால் மட்டும் ஆனதல்ல, உறவினர் போல அதைப் பராமரிக்கும் பொறுப்பு நமக்கு உண்டு என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருக்கிறது. அந்தப் பொறுப்பை ஹவாய்க்காரர்கள் 'குலேயானா' என்பார்கள்.

இந்த மரபு எப்போது மங்கியது? எப்படி மீண்டது?

1893-ல் லிலியுவோகலானி ராணியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1898-ல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. சாலையும் தண்டவாளமும் மோட்டார் வண்டியும் வந்தபின் பயணத்துக்குக் குதிரை தேவைப்படவில்லை. குதிரை போனால் பாஊவும் போக வேண்டியதுதானே?

போகாமல் தடுத்தவர்கள் பெண்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹொனலுலுவில் பாஊ சவாரிச் சங்கங்கள் தொடங்கின. 1906 முதல் பிப்ரவரி மாத மலர் ஊர்வலங்களில் அவர்கள் வரிசையாக வந்தார்கள், தீவுக்கு ஒரு இளவரசி என்ற முறையும் அந்தக் காலத்தில்தான் உருப்பெற்றது. பிறகு அதன் இடத்தை ஜூன் 11-ல் வரும் கமேஹமேஹா நாள் பிடித்துக்கொண்டது. அது 1871-ல் ஐந்தாம் கமேஹமேஹா தன் தாத்தாவான முதலாம் கமேஹமேஹாவைப் போற்ற அறிவித்த நாள். முடியாட்சி அறிவித்து, பின்னாளில் வந்த ஆட்சியும் கைவிடாத விடுமுறை.

கிராமப்புறங்களில், குறிப்பாக ஹவாய்த் தீவின் வைமேயா பண்ணைப் பகுதியில், குதிரை ஒருபோதும் மறையவில்லை. அங்கே பண்ணையைத் தானே நடத்திய ஆன்னா லிண்ட்சி பெர்ரி-ஃபிஸ்க் என்பவர் பெயர்பெற்ற பாஊ சவாரியாளர். 1900-ல் பிறந்து 1995 வரை வாழ்ந்தவர். அவருடைய பண்ணைவீடு இப்போது மக்கள் பார்க்கும் நினைவிடமாக இருக்கிறது.

உண்மையைச் சொல்லுங்கள், இது சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சிதானே?

பாதி நியாயமான கேள்வி. 1900-களின் மலர் ஊர்வலங்களை நடத்தியவர்களுக்குப் பயணிகளை ஈர்க்கும் நோக்கம் வெளிப்படையாகவே இருந்தது. லிலியுவோகலானி ராணியைச் சிறைவைத்துப் பத்தாண்டு அளவே ஆகியிருந்தபோது, 'இளவரசி' வேடத்தில் பெண்களை வரவழைத்து விளம்பரம் செய்ததில் ஒரு கசப்பு இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் அந்தப் பெண்கள் அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்றும் பார்க்க வேண்டும். 1896-ல் பள்ளிகளில் ஹவாய் மொழி வழிக் கல்வி நிறுத்தப்பட்டது. பொதுவெளியில் ஹவாய்க்காரராக நிமிர்ந்து நிற்க வாய்ப்புகள் சுருங்கின. அந்த நேரத்தில் தலைநகரின் நடுத்தெருவில், அரண்மனைக்கு முன்னால், அரச நிறங்களோடு குதிரைமேல் வருவதற்கு ஓர் அனுமதி கிடைத்தது. அதை அவர்கள் விடவில்லை. பார்ப்பவர் எதற்காகப் பார்க்கிறார் என்பதும், வருபவர் எதற்காக வருகிறார் என்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

யார் சேரலாம்? பயிற்சி எப்படி?

குதிரை ஓட்டத் தெரிய வேண்டும், அதுவும் நன்றாக. வாத்தியக் குழு, பலூன், கைதட்டல், ஓடிவரும் குழந்தைகள் இத்தனைக்கும் நடுவே, காலில் உரசிப் படபடக்கும் 11 மீட்டர் துணியோடு குதிரை மிரளாமல் நடக்க வேண்டும். பல மாதங்கள் துணியைக் கட்டிப் பழக்குவார்கள். கடிவாளத்தை ஒரு கையில் பிடித்து, மறுகையால் கூட்டத்துக்கு அலோஹா சொல்லிக்கொண்டே நேராக அமர்ந்திருக்க வேண்டும். பல ஊர்வலங்களில் நடுவர்கள் உண்டு. உடைக்கட்டு, மாலை, சவாரி எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள்.

ஒவ்வொரு குழுவுக்குப் பின்னாலும் வாளியும் மண்வாரியுமாகச் சாணம் அள்ளுகிறவர்கள் வருவார்கள். அவர்களும் மாலை அணிந்து வருவார்கள், சில சமயம் இளவரசியைவிடப் பலத்த கைதட்டல் அவர்களுக்குத்தான்.

ஹவாய் மாலையில் மல்லிகைப்பூ பார்த்தேனே?

சரியாகத்தான் பார்த்தீர்கள். நம் குண்டுமல்லியேதான். அங்கே அதற்குப் 'பிக்காக்கே' என்று பெயர், அதாவது மயில். மயில் வளர்த்த கையுலானி இளவரசிக்கு இந்தப் பூவும் பிடிக்கும் என்பதால் இரண்டுக்கும் ஒரே பெயராகிவிட்டது. அவரும் சிறுவயதிலிருந்தே குதிரை ஏறியவர். 1899-ல் 23 வயதில் இறந்துபோனார். மழையில் சவாரி போனதில் கண்ட காய்ச்சலே காரணம் என்பார்கள்.

லெஹுவா பூவைப் பறிக்க வேண்டாம் என்று இப்போது சொல்கிறார்களே?

ஓஹியா மரங்களை ஒரு பூஞ்சை நோய் கூட்டமாகக் கொல்கிறது. 2010-களில் ஹவாய்த் தீவில் கண்டறியப்பட்டு மற்ற தீவுகளுக்கும் பரவிவிட்டது. வெட்டுக்காயம் வழியாகத்தான் நோய் உள்ளே போகிறது. எனவே பூப்பறிப்பதையும் கிளை ஒடிப்பதையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். பல குழுக்கள் சிவப்புக்கு வேறு பூக்களையோ, இறகையோ, செயற்கைப் பூவையோ பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. செயற்கைப் பூ மரபுக்கு இழுக்கு என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. தேவைக்கு மேல் பறிக்காதே என்ற பழைய விதியை இப்போது பறிக்கவே பறிக்காதே என்று படித்துக்கொள்வதில் எனக்குத் தப்பேதும் தெரியவில்லை.

நேரில் பார்க்க எங்கே, எப்போது போகலாம்?

ஜூன் 11-ஐ ஒட்டிய நாட்கள்தான் சிறந்தவை. ஹொனலுலுவில் ஊர்வலம் இயோலானி அரண்மனைப் பக்கம் கிளம்பி, வைகிக்கியைத் தாண்டிக் கப்பியோலானி பூங்காவில் முடியும். அதற்கு முன் கமேஹமேஹா சிலைக்கு நீளநீளமான மாலைகள் சாத்தும் நிகழ்ச்சி நடக்கும், அதையும் விட்டுவிடாதீர்கள். கூட்டம் பிடிக்காது என்றால் ஹவாய்த் தீவின் வடகோடியில் கோஹாலாவுக்குப் போங்கள். மன்னர் பிறந்த பகுதி அது. கடலில் மூழ்கி மீட்கப்பட்ட முதல் சிலை அங்கேதான், கப்பாவு ஊரில் நிற்கிறது. ஊர்வலம் சிறியது, ஆனால் குதிரைகளும் சவாரியாளர்களும் அந்த வட்டாரப் பண்ணைகளைச் சேர்ந்தவர்கள். ஈஸ்டரை ஒட்டி ஹிலோவில் நடக்கும் மெரி மோனார்க் ஹுலா விழா ஊர்வலத்திலும், செப்டம்பரில் ஹொனலுலுவின் அலோஹா விழா ஊர்வலத்திலும் பாஊ குழுக்கள் வரும்.

படம் எடுக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். குதிரையின் பின்பக்கம் போகாதீர்கள், பாவாடையைத் தொட்டுப் பார்க்காதீர்கள். இளவரசி 'அலோஹா' என்று சொன்னால் பதிலுக்கு உரக்கச் சொல்லுங்கள், அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். வெயில் கடுமையாக இருக்கும், தொப்பியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.